திருகு சும்மா சுற்றினால்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் செய்கிற பீங்கான் ஃபியூஸ் கட்டை ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பித்தளையைப் பிடித்திருக்கும் நட்டு ஒரு குழிக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். முன்னாலிருந்து ஸ்க்ரூவை எவ்வளவு முறுக்கினாலும் நட்டு கூடச் சுற்றாது, குழியின் சுவர் விடாது. பீங்கானில் நேரடியாக மரை போட்டு நம்ப முடியாது. 1,200 டிகிரிக்கு மேல் சூளையில் வேகும்போது மண் சுருங்கி அளவு மாறும். மரையே நின்றாலும் இறுக்கிய வேகத்தில் உதிர்ந்துவிடும். அதனால் மரை பித்தளையில், பிடிமானம் பீங்கானில்.

ஃபிட்டிங் மேசையில் உட்கார்ந்து பழகிய எனக்கு, காரின் டெயில் லைட்டும் இதே கணக்குதான். ஸ்க்ரூ சும்மா சுற்றுகிறது, வெளியே வரவில்லை என்றால் ஸ்க்ரூவில் குறை தேடாதீர்கள். அசையாமல் நிற்க வேண்டிய எதிர்ப்பக்கம் நிற்கவில்லை. பெரும்பாலோர் பெரிய திருப்புளியை எடுத்து இன்னும் பலமாகச் சுற்றுவார்கள். சுற்றச் சுற்ற மிச்சமிருக்கும் மரையும் போகும்.

பல ஹேட்ச்பேக் கார்களில் பின்கதவைத் திறந்தால் விளக்கின் ஓரத்தில் இரண்டு ஸ்க்ரூ தெரியும். அவை தகட்டில் நேரடியாக ஏறுவதில்லை. தகட்டில் வெட்டிய சதுர ஓட்டையில் ஒரு பிளாஸ்டிக் நட்டைச் செருகி, அதற்குள்தான் ஸ்க்ரூ ஏறும். வெயிலிலும் அதிர்விலும் பிளாஸ்டிக்கின் மூலைகள் தேய்ந்தால் நட்டு ஓட்டைக்குள்ளேயே சுழலும். அப்போது ஒருவர் விளக்கை மெதுவாக வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் ஸ்க்ரூவின் தலைக்கடியில் மெல்லிய தகட்டு முனையை நுழைத்து லேசாக நெம்பியபடி இடப்பக்கம் சுற்ற வேண்டும். பெயின்ட் கீறாமலிருக்க முனைக்கடியில் ஒரு பழைய ஏடிஎம் கார்டு வையுங்கள். இழுவையில் நட்டு தகட்டோடு நெருங்கி, மரை பிடிக்கும். அதற்கும் வராவிட்டால் பிளாஸ்டிக் நட்டை வெட்டியே எடுத்துவிடலாம், தயங்க வேண்டாம். போவது சின்னப் பொருள், விளக்குதான் விலை கூடியது. பழையதைக் கையில் கொண்டுபோனால் உதிரிபாகக் கடையில் அதே அளவில் புதிது தருவார்கள்.

டிக்கி வைத்த கார்களில் கதை வேறு. அங்கே விளக்கின் முதுகிலேயே இரும்பு ஸ்டட்கள் பதித்திருக்கும், நட்டு டிக்கிக்குள் இருக்கும். துருப்பிடித்த நட்டைப் பலமாகத் திருகினால் ஸ்டட் பிளாஸ்டிக்கை அறுத்துக்கொண்டு கூடவே சுற்ற ஆரம்பிக்கும். முதலில் வெளியே நீட்டியிருக்கும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ஊறவிடுங்கள். எண்ணெய் விளக்கின் பிளாஸ்டிக்கில் வழியக் கூடாது. பெட்ரோலும் தின்னரும் பக்கத்திலேயே வேண்டாம், பிளாஸ்டிக்கில் மயிரிழையாய் விரிசல் விழும். பிறகு ஸ்டட்டின் நுனியை வைஸ் கிரிப்பால் கவ்விக்கொண்டு நட்டை மட்டும் ரிங் ஸ்பேனரால் திருப்புங்கள். எதிர்ப்பக்கத்தைப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆடிப்போன ஸ்டட்டைத் திரும்ப நிறுத்த இரண்டு டியூப் கலந்து பூசும் எபாக்ஸிதான் சரி. குழியைச் சுத்தம் செய்து, உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, மரையில் பசை படாமல் பூசி, ஒரு இரவு காயவிடுங்கள். உடனே ஒட்டும் பசையை நான் சேர்ப்பதே இல்லை. அது அதிர்வு தாங்காது, அதன் ஆவி லென்ஸில் வெள்ளையாகப் படியும்.

ஆடும் விளக்குக்கு டேப் சுற்றி ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். விளக்கு ஆடினால் ரப்பர் பேக்கிங்கில் இடைவெளி விழுந்து மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். டிக்கி துருப்பிடிக்கும். ஹோல்டரில் பச்சைக் களிம்பு ஏறி எர்த் கெடும். எர்த் கெட்டால் பிரேக் அழுத்தும்போது வேறு விளக்கு மங்கலாக மினுக்கும், பின்னால் வருகிறவருக்கு எதுவும் புரியாது. பின்பக்கச் சிவப்பு விளக்கு 155 மீட்டர் தூரத்துக்குத் தெரிய வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதி. கரும்பு வெட்டுக் காலத்தில் உளுந்தூர்பேட்டை சாலையில் இரவில் போய் வந்தவர்களுக்கு அந்த 155 மீட்டரின் அருமை தெரியும். விளக்கில்லாத டிரெய்லர் பக்கத்தில் போன பிறகுதான் கண்ணுக்கே தெரியும்.

திரும்பப் பூட்டும்போது அகலமான வாஷர் போட்டு, எல்லா நட்டையும் முதலில் கையாலேயே ஏற்றுங்கள். ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் விளக்கு கோணலாக உட்காரும். மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, பேக்கிங் படிந்ததும் கால் சுற்றோடு நிறுத்துங்கள். பீங்கானைப் போலவே பிளாஸ்டிக்கும் அதிக இறுக்கத்தில் விரியும். வயர் சாக்கெட்டை மாட்டி, டெயில், பிரேக், இண்டிகேட்டர் மூன்றையும் போட்டுப் பாருங்கள். தண்ணீரை மேலிருந்து ஊற்றி டிக்கிக்குள் ஈரம் வருகிறதா என்று தடவிப் பாருங்கள். புது பேக்கிங் போட்டிருந்தால் அது சில நாளில் அமுங்கும், அப்போது ஒருமுறை நட்டைத் தொட்டுப் பார்த்துவிட வேண்டும்.