குலசைக்குப் போகிறீர்களா? பத்தாம் நாளை விட்டுவிடுங்கள்

ஆவணி தொடங்கி ஐப்பசி மழை வலுக்கும் வரை, தாமிரபரணிக் கரையிலும் அதற்குத் தெற்கே குமரி வரையிலும் எங்காவது ஓரிடத்தில் கொடி ஏறிக்கொண்டே இருக்கும். திருச்செந்தூரில் ஆவணித் திருவிழா, மணப்பாட்டில் திருச்சிலுவைத் திருவிழா, குலசை என்கிற குலசேகரன்பட்டினத்திலும் பாளையங்கோட்டையிலும் தசரா, பத்மநாபபுரத்திலிருந்து நவராத்திரி ஊர்வலம். எல்லாம் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர்கள். வெளியூர்க்காரர்கள் “எந்த விழாவுக்குப் போகலாம்?” என்று கேட்கிறார்கள். எந்த நாள் போவது என்று கேட்பவர் குறைவு. கேட்க வேண்டியது அதைத்தான். தொலைக்காட்சி நேரலை காட்டுகிற நாளில் போனால் பெரும்பாலும் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம்.

இந்த இரண்டு மாதத்தில் ஏன் இத்தனை விழா? ஒவ்வொரு கோயிலும் ஒரு புராணம் சொல்லும். அதோடு வயிற்றுப்பாட்டுக் காரணம் ஒன்றும் உண்டு. தாமிரபரணிப் பாசனத்தில் கார் நெல் ஆவணி, புரட்டாசியில் அறுவடைக்கு வரும். அடுத்த பிசான நெல்லுக்கு ஐப்பசி மழையை எதிர்பார்த்து இருக்க வேண்டும். தேரிக்காட்டில் பதநீர் இறக்குவது கோடையோடு உச்சம் கண்டு, ஆவணிக்குள் ஓய்ந்துவிடும். உப்பளத்திலும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் வாரி அம்பாரம் போட்டு மூடியாக வேண்டும். ஆக, வயல், பனை, உப்பு மூன்றிலும் வேலை தணிந்து, மடியில் கொஞ்சம் காசு இருக்கும் நேரம் இது. இன்று பனை ஏறுபவர் குறைந்துவிட்டார்கள். ஊர்ப்பிள்ளைகள் பலர் சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். ஆனாலும் தீபாவளிக்கு வராதவர்கூட தசராவுக்கு லீவு போட்டு வந்துவிடுகிறார்.

தேதி பற்றி ஒரு வார்த்தை. மணப்பாட்டுத் திருவிழா ஆங்கிலத் தேதிப்படி நடப்பது, மாறாது. தசராவோ மகாளய அமாவாசையை ஒட்டியது. அதனால் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வந்து, அதிக மாதம் வரும் ஆண்டில் மறுபடி பின்னுக்குப் போகும். விஜயதசமி 2023-ல் அக்டோபர் 24, 2024-ல் அக்டோபர் 12, 2025-ல் அக்டோபர் 2. அதிக மாதம் வரும் 2026-ல் அது மீண்டும் அக்டோபர் மூன்றாம் வாரத்துக்குப் போகிறது. ‘புரட்டாசி தசரா’ என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் சில ஆண்டுகளில் ஐப்பசி பிறந்த பிறகுதான் மகிஷாசுரன் சாய்கிறான். போன வருஷத் தேதியை நம்பி ரயில் டிக்கெட் எடுக்க வேண்டாம்.

முதலில் திருச்செந்தூர். ஆவணித் திருவிழா பன்னிரண்டு நாள். பத்தாம் நாள் தேர். தேரைப் பார்த்தவர்கள் நிறைய. ஏழாம் நாள் மாலையும் எட்டாம் நாளும் பார்த்தவர்கள் அதை மறப்பதில்லை. ஏழாம் நாள் மாலை சண்முகர் சிவப்புப் பட்டும் சிவப்பு மலருமாகச் சிவனின் அம்சத்தில் வெளியே வருவார், அது சிவப்பு சாத்தி. மறுநாள் காலை பிரம்மனின் அம்சமாக வெள்ளை சாத்தி, நண்பகலில் திருமாலின் அம்சமாகப் பச்சை சாத்தி. ஒரே மூர்த்தி, ஒரு நாள் பொழுதுக்குள் மூன்று நிறம். அந்த ஒரு இரவு அங்கேயே தங்குவதுதான் சரி.

அங்கிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே, குலசையையும் தாண்டி ஐந்தாறு கிலோமீட்டர் போனால் மணப்பாடு. கடலுக்குள் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கும் மணல்மேட்டின் மேல் திருச்சிலுவை ஆலயம், கீழே பரதவர் குடியிருப்பு, கட்டுமரமும் ஃபைபர் படகும் ஏற்றிவைத்த கரை. புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்றின் தலைவன், உயிர் பிழைத்தால் பாய்மரத்துக் கட்டையில் சிலுவை செய்து நடுவதாக நேர்ந்துகொண்டான் என்பது ஊர்க்கதை. பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் இந்தக் கரைக்கு வந்தது வரலாறு. அவர் தங்கிச் செபித்ததாகச் சொல்லப்படும் குகை மேட்டின் கடல் பக்கம் இருக்கிறது. செப்டம்பர் முதல் பாதியில் விழா நடந்து, 14-ம் தேதி பெருவிழா. அன்று மேட்டில் கால் வைக்க இடமிருக்காது. இரண்டு நாள் முன்னால் மாலை நேரத்தில் போனால் ஆலயம், குகை, கடல் மூன்றையும் நிதானமாகப் பார்க்கலாம். வேளாங்கண்ணிப் பெருவிழா செப்டம்பர் 8-ல் முடிந்ததும் அப்படியே தெற்கே இறங்கி வருகிற குடும்பங்களையும் இங்கே பார்க்கலாம்.

இனி குலசை. திருச்செந்தூரிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர். பாண்டியர் காலத்துத் துறைமுகம் என்ற பழைய பெருமை உண்டு. 2024 பிப்ரவரியில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதில் புதுப் பெயரும் வந்திருக்கிறது. ஆனால் தென்மாவட்டத்து மனிதரிடம் குலசை என்றால் அவர் சொல்வது முத்தாரம்மனைத்தான். ஞானமூர்த்தீஸ்வரரும் அம்மனும் ஒரே பீடத்தில் சேர்ந்து அமர்ந்திருக்கும் கோயில். மைசூருக்கு அடுத்த தசரா என்று பத்திரிகைகள் எழுதுவது வழக்கம். எனக்கு அந்த ஒப்பீடு பிடிப்பதில்லை. மைசூரில் ஜனம் நின்று பார்க்கிறது, ஊர்வலம் போகிறது. குலசையில் ஜனமே ஊர்வலம்.

வேடம் போடுவதுதான் இங்கே வழிபாடு. நோய் தீரவேண்டும், பிள்ளை பிறக்கவேண்டும், வேலை கிடைக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டவர் 48, 41, 21 என்று தன்னால் இயன்ற நாளுக்கு மாலை போட்டு, ஒருவேளை உணவோடு விரதம் இருக்கிறார். ஊரில் தென்னோலைக் குடில் போட்டு, உள்ளே அம்மன் படம் வைத்து, விரதக்காரர்கள் அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். குலசையில் கொடி ஏறியதும் கோயிலிலிருந்து காப்புக் கயிறு வாங்கிவந்து கட்டிக்கொண்ட பிறகுதான் வேடம். காளி, குறவன், குறத்தி, போலீஸ், அனுமார், கரடி, ராஜா, ராணி, பிச்சைக்காரர் என்று நேர்ந்துகொண்டபடி கட்டுவார்கள். நாலு லாரி வைத்திருப்பவர் கிழிந்த சட்டையும் திருவோடுமாக நிற்பதையும் பார்க்கலாம். ஆண்டு முழுக்கக் கொடுக்கிற கை, பத்து நாள் ஏந்துகிறது. இப்படித் தெருத்தெருவாக எடுக்கிற காணிக்கை ஒரு காசுகூட வீட்டுக்குப் போகாது, கடைசி நாளில் முழுதும் கோயிலில் சேர்க்க வேண்டும்.

வேடங்களில் கடினமானது காளி. உடன்குடிக் கடைகளில் கிரீடம், சடைமுடி, கோரைப்பல், நெற்றிக்கண், கூடுதல் கைகள் என்று உருப்படி உருப்படியாக வாங்கிக் கட்டவேண்டும். முகத்தில் சாயம், உடம்பில் கனத்த சேலை, தலையில் கிரீடம். புரட்டாசி வெயில் சித்திரைக்குச் சளைத்ததல்ல. மதியத்தில் ஒரு டீக்கடைக்குப் பின்புறம் கிரீடத்தை இறக்கிவைத்துவிட்டு காளி ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நெற்றியில் கிரீடம் அழுத்திய தடம் சிவந்து கிடக்கும். கோரைப்பல்லைக் கழற்றாமல் உறிஞ்சுகுழலில் இளநீர் குடிப்பார். பக்கத்தில் ‘போலீஸ்’ ஒருவர் அட்டையால் விசிறிவிடுவார். கால் மணி நேரத்தில் தப்பட்டை முழங்கும், மறுபடி கிரீடம் ஏறும். அடுத்த வாசலில் ஒரு பாட்டி அதே காளியின் காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொள்வாள். டீக்கடையில் பார்த்ததும் இதுவும் ஒரே ஆள்தான் என்று அவளுக்குத் தெரியாமலில்லை.

இதைப் பார்க்க குலசைக்கே போகவேண்டியதில்லை என்பதுதான் விஷயம். தசரா செட்டுகள் என்கிற வேடக் குழுக்கள் காப்புக் கட்டிய நாளிலிருந்து திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம், திசையன்விளை வட்டாரம் முழுக்கச் சுற்றுகின்றன. வேனில் வந்து இறங்கும், ஒரு தெரு ஆடும், அடுத்த ஊருக்குப் போகும். ஐந்தாம் நாளுக்குமேல் எட்டாம் நாள் வரை இந்தச் சாலைகளில் ஒரு பகல் சுற்றினாலே விழாவின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். பேசலாம், கேட்கலாம், அனுமதி வாங்கிப் படமும் எடுக்கலாம். பத்தாம் நாள் இவர்கள் எல்லோரும் ஒரே ஊரில் இறங்கும்போது யாரிடமும் பேச முடியாது.

பத்தாம் நாள் நள்ளிரவில் கடற்கரையில் சூரசம்ஹாரம். சிங்க வாகனத்தில் அம்மன் வருவாள். மகிஷாசுரன் முதலில் சொந்த முகத்தோடும், பிறகு சிங்கமுகம், எருமைமுகம் என்றும், கடைசியில் சேவலாகவும் வந்து ஒவ்வொரு முறையும் சாய்வான். நிகழ்ச்சி சற்று நேரம்தான். அதற்காகப் பல கிலோமீட்டர் முன்னாலேயே வண்டியை விட்டுவிட்டு நடந்து, விடியும்வரை மணலில் காத்திருக்க மனமிருந்தால் போகலாம். குழந்தைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு போவது உசிதமில்லை. மறுநாள் மாலை காப்புக் களைவது இன்னொரு கட்டம். பத்து நாள் தெய்வமாக நின்றவர் சாயம் கலைந்த முகத்தோடு பஸ்ஸுக்கு நிற்பதை அன்று பார்க்கலாம்.

எல்லாம் அழகு என்று எழுதிவிட்டுப் போக முடியாது. செட்டுகள் பெரும்பாலும் தெருவாரியாக அமைகின்றன. நம் ஊர்களில் தெரு என்றால் சாதியும் கூடவே வரும். சாதி அடையாளக் கொடி, ரிப்பன், இரும்பிலான சூலம், வாள் ஆகியவற்றுக்குக் காவல்துறை ஆண்டுதோறும் தடை விதிப்பது சும்மா இல்லை. சில செட்டுகளில் தப்பட்டையைவிட சினிமாப் பாட்டு ஒலிபெருக்கிதான் ஓங்கி நிற்கிறது. விரதக்காரர்களே இதைச் சொல்லி வருத்தப்படுவார்கள்.

பாளையங்கோட்டை தசரா வேறு மாதிரி. வேடம் கிடையாது, சப்பரம்தான். ஆயிரத்தம்மன், பேராத்துச் செல்வி, தூத்துவாரி அம்மன், முப்பிடாதி அம்மன், உலகம்மன், உச்சினிமாகாளி என்று பன்னிரண்டு அம்மன்கள் அவரவர் கோயிலிலிருந்து மின்விளக்கு அலங்காரச் சப்பரத்தில் கிளம்பி ராமசாமி கோயில் திடலில் வந்து கூடுகிறார்கள். உச்சினிமாகாளிகளே பலர், ஒவ்வொரு தெருவுக்கும் ஒருத்தி. ஆண்டு முழுக்கத் தனித்தனியாக இருக்கும் தெருக்கள் இந்த ஒரு இரவு வரிசையில் நிற்கின்றன. நள்ளிரவில் ஆயிரத்தம்மன் தலைமையில் சூரசம்ஹாரம். அது நடக்கும் இடத்துக்குப் பெயரே எருமைக்கிடா மைதானம். நான் சொன்ன விதிக்கு இது விலக்கு. பாளைக்குக் கடைசி இரவில்தான் போகவேண்டும். மைதானத்துக்குள் நெருக்கியடிக்காமல் சப்பரம் வரும் வீதியில் ஓரமாக நின்றால் பன்னிரண்டையும் பக்கத்தில் பார்க்கலாம்.

குமரி மாவட்டத்தில் நவராத்திரி என்றால் வழியனுப்பும் விழா. பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி, குமாரகோவிலிலிருந்து வேளிமலை முருகன், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை ஆகிய மூவரும் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். அந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்ட விக்கிரகம் என்பது வழிவழிச் செய்தி. திருவிதாங்கூர்த் தலைநகர் 1795-ல் பத்மநாபபுரத்திலிருந்து மாறியது. மன்னர் போனார், பூஜையும் கூடப் போயிற்று, சாமி மட்டும் ஆண்டுக்கொருமுறை போய்விட்டுத் திரும்புகிறது. 1956 நவம்பர் 1-ல் குமரி தமிழகத்தோடு சேர்ந்த பிறகு இது இரண்டு மாநில விழா ஆனது. அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசு. உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாளைக் கைமாற்றி, இரு மாநிலப் போலீசாரும் மரியாதை செலுத்த, சரஸ்வதி யானைமேலும் மற்ற இருவர் பல்லக்கிலும் கிளம்புவார்கள். குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு. வழிநெடுக வாசலில் குத்துவிளக்கும் பூவும் பழமும் வைத்து ஜனங்கள் காத்திருப்பார்கள்.

போய்ச் சேர்ந்த இடத்தில் சரஸ்வதி முன்பாக, நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது மாலையும் சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கீர்த்தனைகளில் நாளுக்கொன்று பாடப்படும். கைதட்டல் கிடையாது. பெண்களுக்கு அந்த மேடை நெடுங்காலம் மூடியே இருந்தது. 2006-ல் பாறசாலை பொன்னம்மாள் பாடித்தான் திறந்தது. சரஸ்வதியே எழுந்தருளும் மண்டபத்தில் அதற்கு இத்தனை காலம் பிடித்தது என்பது விநோதம்தான். ஊர்வலத்தைப் பொறுத்தவரை என் யோசனை, நவராத்திரிக்குச் சில நாள் முன்பே நடக்கும் புறப்பாட்டைத் தவறவிட்டவர்கள், விஜயதசமிக்குப் பிறகு மூவரும் திரும்பி வருகிற நாளில் தக்கலைப் பக்கம் நிற்கலாம். கூட்டம் குறைவு, அரண்மனையையும் பார்த்துவிடலாம்.

குலசைப் பக்கம் போகிறவர்கள் கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். சிக்னலில் வண்டி நிற்கும்போது காளி தட்டை நீட்டினால் கண்ணாடியை ஏற்றாதீர்கள். பத்து ரூபாய் போதும், அது போகிற இடம் கோயில் உண்டியல். கொடியேற்ற நாளைக் கோயில் நிர்வாகம் அறிவித்ததும், அதோடு ஐந்து நாளைக் கூட்டிக்கொண்டு திருச்செந்தூரில் அறை போடுங்கள். கடைசி மூன்று நாளுக்கு அங்கே அறை கிடைக்காது.