சாப்பாடு எப்படி? வசதி எப்படி?
ஒரு கார் பவனியின் கருத்துத் தாள்கள் சொன்னவை

கல்யாண வீடாகட்டும், பாடசாலை விளையாட்டுப் போட்டியாகட்டும், மூன்று நாள் செயலமர்வாகட்டும், போய்த் திரும்பியவர்களிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் வருவது சாப்பாட்டைப் பற்றிய பேச்சு. அடுத்து, குரலைச் சற்றுத் தாழ்த்தி, மலசலகூடத்தைப் பற்றிய பேச்சு. மேடையில் யார் என்ன பேசினார் என்பது அதற்குப் பிறகுதான்.

இது ஒழுங்கமைப்பாளர்களுக்கும் தெரியும். அதனால்தான் நிகழ்ச்சி முடிவில் கருத்துத் தாள் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொல்கிறார்கள். தாள்கள் சேர்க்கப்படுகின்றன, கோவையில் இடப்படுகின்றன, கோவை அலுமாரிக்குப் போகிறது. அடுத்த வருடமும் அதே குறை, அதே தாள், அதே அலுமாரி. இந்த வழமைக்கு மாறாக, தாள்களைச் சமைத்தவர்களோடு இருந்து வாசித்த ஓர் அனுபவத்தை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். எமது கிராமச் சங்கங்கள் பலவற்றுக்கு இது பயன்படும் என நம்புகிறோம்.

பழைய கார்களும் பகற்போசனமும்

பழைய கார்களைப் பேணி வைத்திருப்பவர்கள் கழகங்களாகக் கூடி, வருடத்தில் ஓரிரு தடவை கார்களை வரிசையாக ஓட்டிக்கொண்டு தூர ஊர்களுக்குச் செல்வது வழக்கம். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனர், அதையடுத்த காலத்து ஒஸ்ரின் கார்கள் என்பன இப்பவனிகளில் இன்றும் ஓடுகின்றன. எம்மவருக்கு இவை புதியன அல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் வராத யாழ்ப்பாணத்தில், சில துளி பெற்றோலில் இயங்கத் தொடங்கிப் பின் மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இவைதாம்.

2009இல் ஏ-9 வீதி மீண்டும் திறக்கப்பட்ட பின்னர் இத்தகைய பவனிகள் வடக்குக்கும் வரத் தொடங்கின. அப்படி வந்த ஒரு கழகம், வன்னியில் வீதியோரக் கிராமமொன்றின் பாடசாலை மைதானத்தில் மதியம் தங்குவதற்கு ஒழுங்கு செய்தது. உணவு தயாரிக்கும் பொறுப்பு அவ்வூர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் கொடுக்கப்பட்டது. சங்கத்துக்குக் கிடைத்த முதற் பெரிய வேலை அதுதான். அடுத்த வருடமும் கிடைத்தால், சுழற்சிக் கடன் நிதிக்கு ஒரு நல்ல தொகை சேரும். கிடைக்காவிட்டால் கழகத்தார் நகரத்து விடுதி ஒன்றுக்குப் போய்விடுவார்கள். ஆகவே அந்தக் கருத்துத் தாள்களில் அப்பெண்களின் உழைப்புத் தங்கியிருந்தது.

தாள்களில் இருந்தவை

தாள்களின் பிரதிகளைச் சங்கம் கேட்டு வாங்கிக்கொண்டது. முதல் தடை மொழி. தாள் ஆங்கிலத்தில் மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. பதில்கள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும், சில தமிழிலும் இருந்தன. பாடசாலையின் இளம் ஆசிரியை ஒருவர் வாசித்து மொழிபெயர்க்க, மாமரத்தின் கீழ் பாய் விரித்து உட்கார்ந்து கேட்டோம்.

"சாப்பாடு மிக நன்று" என்று பலர் எழுதியிருந்தார்கள். கேட்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் அதிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்கவில்லை. எது நன்று? கத்தரிக்காய்க் குழம்பா, முருங்கைக்காயா, வெயிலில் வந்தவர்களுக்குக் கொடுத்த மோரா? குறை எழுதியவர்கள்தாம் விபரமாக எழுதியிருந்தார்கள். சோறு ஆறிப்போயிருந்தது. கறி உறைப்பு. மரக்கறிக்கும் மீனுக்கும் ஒரே அகப்பை. தேநீரில் சீனி அதிகம். கை கழுவுமிடத்தில் சவர்க்காரம் முடிந்துவிட்டது. பெண்களுக்கான மலசலகூடத்தின் முன் நீண்ட வரிசை.

கேட்டுக்கொண்டிருந்த பெண்களின் முகம் வாடியது. விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டியவர்கள் அவர்கள். குறை சொன்னவர்கள்மீது கோபமும் வந்தது. இந்த இடத்தில்தான் பல சங்கங்கள் தாள்களை மடித்து வைத்துவிடுகின்றன. இவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு குறையையும் எடுத்து, "இது ஏன் நடந்தது?" என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

ஆறிய சோற்றின் கதை

சோறு ஏன் ஆறியது? காலை ஒன்பது மணிக்கே வடித்துக் கிடாரங்களில் மூடிவைத்ததால். ஏன் ஒன்பது மணிக்கு? பன்னிரண்டு மணிக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள் என்று கழகம் சொன்னதால். உண்மையில் நடந்தது என்ன? எழுபது வருடக் கார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை. ஒன்றுக்குத் தண்ணீர் கொதித்தது. இன்னொன்றுக்கு ரயர் காற்றுப் போனது. முதற் காருக்கும் கடைசிக் காருக்கும் இடையில் இரண்டரை மணித்தியாலம். குறை சமையலில் இருக்கவில்லை; நேர அட்டவணையில் இருந்தது.

ஆனால் இதை ருசியின் குறையாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்க வேண்டாம், பரிமாறும் வரை 60 பாகை செல்சியசுக்கு மேலான சூட்டில் வைத்திருங்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட பாதுகாப்பான உணவுக்கான ஐந்து வழிகளுள் ஒன்று. சோற்றில் இது மிக முக்கியம். பசிலஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்திகள் சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை. சோறு இளஞ்சூட்டில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை ஏற்படுத்தும் அந்த நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அன்று எவருக்கும் வருத்தம் வராதது நல்லகாலம். வந்திருந்தால் சங்கத்தின் பெயரே கெட்டிருக்கும்.

தீர்வு எளிதாகவே கிடைத்தது. சோற்றை இரண்டு தடவையாக வடிப்பது. முதற் கார் முந்திய நகரைத் தாண்டியதும் கழகத்தவர் ஒருவர் தொலைபேசியில் அறிவிக்க, அதன் பின்னரே முதற் கிடாரத்தை ஏற்றுவது. உறைப்புக்கும் வழி இருந்தது: கறியில் தூளைக் குறைத்து, சம்பலையும் பொரித்த மிளகாயையும் தனியே வைப்பது. சீனியையும் அப்படியே தனியே வைத்தால் நீரிழிவுக்காரர் தமக்கேற்றபடி குடிப்பார்கள். மரக்கறிச் சட்டிகளை வேறு மேசையில், வேறு அகப்பைகளோடு வைத்தால் சைவ உணவுக்காரருக்கு மனக்கஷ்டம் இல்லை. இவற்றுக்கு மேலதிகச் செலவு அதிகம் இல்லை.

ஒரு விடயத்தில் பாராட்டும் தெளிவாகக் கிடைத்தது. உணவு பொதி செய்யும் பொலித்தீன் தாள் 2017 செப்டெம்பர் 1 முதலும், பிளாஸ்ரிக் கோப்பை, கரண்டி, உறிஞ்சுகுழல் போன்றவை 2023 ஒக்ரோபர் 1 முதலும் இலங்கையில் தடை செய்யப்பட்டுள்ளன. சங்கம் வாழையிலையிலும் பனையோலைத் தட்டுவத்திலும் பரிமாறி, ஓலைப் பிளாவில் மோர் கொடுத்தது. அதைப் பலர் பெயர் சொல்லியே எழுதியிருந்தார்கள். எமக்குப் பழகிப்போன ஒன்று விருந்தினருக்குச் சிறப்பாகப் பட்டதைத் தாள்களே காட்டித் தந்தன.

வரிசையில் நின்ற பெண்கள்

மலசலகூடம் பற்றிய குறை வேறு வகையானது. பாடசாலையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம எண்ணிக்கையில் கூடங்கள் இருந்தன. எண்ணிக்கை சமம் என்றால் நியாயமும் சமம் என்று நினைக்கிறோம். பெண்களுக்கு நேரம் கூடுதலாகத் தேவை. சிறு பிள்ளைகளையும் அழைத்துச் செல்பவர்கள் அவர்களே. அனர்த்த கால முகாம்களுக்கென எழுதப்பட்ட ஸ்பியர் கைநூல், பொதுக் கூடங்களில் இருபது பேருக்கு ஒன்று என்றும், ஆண்களுக்கு ஒன்றெனில் பெண்களுக்கு மூன்று என்றும் அளவு சொல்கிறது. அரைநாள் கூடலுக்கு அத்தனை கூடங்கள் வேண்டியதில்லை. ஆனால் அந்த மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் மனதில் வைக்கத்தக்கது. ஆண்கள் பகுதியில் ஒரு வரிசையைப் பெண்களுக்கு ஒதுக்கிப் பலகை எழுதித் தொங்கவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

உள்ளே கொழுக்கி, மூடியுள்ள குப்பைக் கூடை, நிறைந்த தண்ணீர் வாளி, வெளியே சவர்க்காரம் ஆகியவற்றை மணிக்கு ஒரு தடவை பார்க்க ஒருவர் பெயர் குறித்து நியமிக்கப்பட வேண்டும். எல்லாருடைய வேலை என்று விட்டால் அது எவருடைய வேலையும் ஆகாது. பழைய கார்க் கழகங்களில் முதியவர்கள் அதிகம். படியேற முடியாத ஒருவருக்கு வாசலில் ஒரு மரச் சாய்தளமும் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும் போதும். மாற்றுத் திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், அதன் கீழ் 2006இல் வந்த அணுகு வசதி ஒழுங்குவிதிகளும் இதைத் தயவாக அல்ல, உரிமையாகவே கருதுகின்றன.

தாள் கிடைக்காதவர்கள்

எல்லாத் தாள்களையும் வாசித்து முடித்த பின், வயதான உறுப்பினர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். காரில் வந்தவர்களின் கருத்துத் தெரிந்துவிட்டது. மற்றவர்களின் கருத்து எங்கே?

அதன் பிறகே வேறு விடயங்கள் வெளிவந்தன. கூட வந்த திருத்துநர்களும் சாரதிகளும் ஆங்கிலத் தாளை நிரப்பவில்லை. அவர்கள் கடைசியாகச் சாப்பிட்டார்கள், அப்போது மீன் முடிந்திருந்தது. சமைத்த பெண்கள் காலையிலிருந்து மலசலகூடம் போகவில்லை. விருந்தினருக்கென்று பூட்டி வைத்திருந்தார்கள். மைதானத்தில் கிணற்றடிக்கு அருகே என்ஜின் ஒயில் சிந்தியிருந்தது. திங்கட்கிழமை காலையில் இலைகளையும் குப்பையையும் பொறுக்கியவர்கள் மாணவர்கள். தட்டுக்கு இவ்வளவு என்று விலை பேசியபோது, அரிசி, தேங்காய், விறகு எல்லாம் கணக்கில் வந்தன. பெண்களின் கூலி மட்டும் கணக்கில் வரவில்லை.

பார்வையாளரின் பாதுகாப்பையும் எவரும் தாளில் எழுதவில்லை. உணவு சரியில்லை என்றால் உடனே தெரியும். நிற்குமிடம் சரியில்லை என்பது விபத்து நடந்த பின்னரே தெரியும். 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் கார்ப் பந்தயத்தில் ஒரு கார் ஓடுபாதையை விட்டு விலகிப் பாய்ந்ததில் 7 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் அடங்குவாள். பவனி பந்தயமல்ல. ஆயினும் கார் பார்க்க ஓடிவரும் ஊர்ப் பிள்ளைகள் எங்கே நிற்பார்கள் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக் கயிறு கட்ட வேண்டியது வசதிகளில் முதலாவது வசதி.

மறுவருடம்

சங்கம் இவை அனைத்தையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கழகத்துக்கு அனுப்பியது. தாம் திருத்தப்போவது எவை, கழகம் திருத்த வேண்டியவை எவை என இரண்டு நிரல்களாக எழுதியது. கூலியும் சேர்த்துப் புதிய விலையைக் கேட்டது. விலையைப் பற்றிச் சற்று இழுபறி இருந்தது. ஆனால் இவ்வளவு தெளிவாகப் பதில் எழுதியவர்களை விட்டுப் போகக் கழகத்துக்கு மனம் வரவில்லை. மறுவருடமும் பவனி அதே மைதானத்தில் தங்கியது. தாள் மும்மொழியிலும் வந்தது. திருத்துநர்களுக்கும் சமைத்தவர்களுக்கும் பாடசாலை அதிபருக்கும் அது கொடுக்கப்பட்டது. காருக்கடியில் விரிக்கச் சாக்கும் தட்டும் கொண்டுவந்தார்கள். குறைகள் இல்லாமற் போகவில்லை. இம்முறை நிழல் போதாது என்றார்கள். ஆனால் பழைய குறைகள் திரும்பி வரவில்லை.

உங்கள் சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட

1. கடைசியாக நாம் நடத்திய நிகழ்ச்சியில் கருத்துக் கேட்டோமா? கேட்டதில் எதைத் திருத்தினோம்?

2. "நன்றாக இருந்ததா?" என்று கேட்காமல், "எது பிடித்தது? எது மிஞ்சியது? எதற்காகக் காத்திருந்தீர்கள்?" என்று கேட்க முடியுமா?

3. எழுத வாசிக்கத் தெரியாதவரிடம் யார் போய்க் கேட்பது?

4. சமைத்தவர், கழுவியவர், கூட்டியவர் ஆகியோருக்கு எந்த நேரத்தில் சாப்பாடு கிடைத்தது? அவர்களுக்கு எந்த மலசலகூடம்?

5. பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நிகழ்ச்சிக்கு முன்னரே அழைத்துக் கிணற்றையும் சமையலிடத்தையும் காட்டினோமா?

6. எமது விலையில் எமது உழைப்பும் சேர்க்கப்பட்டுள்ளதா?

இக்கேள்விகளுக்கு ஒரே கூட்டத்தில் விடை கிடைக்காது. ஒன்றை எடுத்துத் தொடங்குங்கள். கருத்துச் சொன்னவருக்கு, "நீங்கள் சொன்னதைக் கேட்டோம், இதைச் செய்தோம்" என்று பதில் அனுப்ப மறவாதீர்கள். பதில் கிடைத்தவர்தான் அடுத்த முறையும் மனந்திறந்து எழுதுவார்.