பட்டா டவுன்லோடு பண்ணா ‘பின்’ ஃபைல் வருதா? போனிலேயே சரிசெய்வது எப்படி?

வேடசந்தூர் பக்கம் ஒரு விவசாயி, பயிர்க் காப்பீட்டுக்காகப் பட்டாவையும் அடங்கலையும் ஏதோ ஒரு செயலி வழியாக டவுன்லோடு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போனில் வந்து விழுவது ‘டவுன்லோட்ஃபைல்.பின்’. தொட்டால் திறக்கவில்லை. திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறி இ-சேவை மையத்துக்குப் போனால், “இது பிடிஎஃப் இல்லையே, அப்லோடு ஆகாதுங்க” என்கிறார்கள். கடைசித் தேதியோ நாளைக்கு. ஃபைல் கெட்டுப்போச்சா? பெரும்பாலும் இல்லை. பெயர்தான் தப்பு.

பெயர் வைப்பது யார்?

சர்வர் ஒரு ஃபைலை அனுப்பும்போது, ‘இதன் பெயர் இது, இது பிடிஎஃப்’ என்று ஒரு சின்னக் குறிப்பையும் சேர்த்து அனுப்பும். குரோம் போன்ற பிரவுசர்கள் அதைப் படித்துப் பெயர் வைக்கின்றன. ஆனால் பல செயலிகள் உள்ளுக்குள் ஒரு வெப்சைட்டைத்தான் திறந்து காட்டுகின்றன. அங்கே டவுன்லோடு வேலையைச் செயலியை உருவாக்கியவரே பார்க்க வேண்டும். அவர் அந்தக் குறிப்பைக் கண்டுகொள்ளாவிட்டால், ஆண்ட்ராய்டு லிங்க்கைப் பார்த்து ஊகிக்கும். அதிலும் துப்பு இல்லை என்றால் தானாக வைக்கும் பெயர்தான் இந்த ‘டவுன்லோட்ஃபைல்.பின்’. உங்கள் போன் மேல் குற்றமில்லை.

முதல்ல சைஸைப் பாருங்க

ஃபைல் வெறும் 2, 3 கேபி என்றால், வந்தது பட்டாவாக இல்லாமல் லாகின் பக்கமாகவோ எரர் பக்கமாகவோ இருக்கலாம். பெயரை மாற்றிப் பலனில்லை. மறுபடி லாகின் செய்து, முடிந்தால் செயலியை விட்டுவிட்டு பிரவுசரில் டவுன்லோடு செய்யுங்கள்.

சைஸ் சரியாக இருந்தால் ஃபைல்ஸ் செயலியில் டவுன்லோட்ஸ் பகுதிக்குப் போய், ஃபைலை அழுத்திப் பிடித்து ரீநேம் கொடுங்கள். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் ‘பின்’னை அழித்துவிட்டு, ஆங்கில எழுத்தில் ‘பிடிஎஃப்’ என்று டைப் செய்தால் போதும். உள்ளே இருக்கும் விஷயம் துளியும் மாறாது. ஐபோனிலும் ஃபைல்ஸ் செயலியில் இதே வழிதான். ஆனால் ஜேபெக் படத்துக்கு இப்படிப் பெயர் மாற்றினால் அது பிடிஎஃப் ஆகிவிடாது. அதற்கு கன்வெர்ட்தான் செய்ய வேண்டும்.

தமிழ்ப் பெயர் ஏன் சிதைகிறது?

ஆங்கிலம் அல்லாத பெயர்களை எப்படி அனுப்ப வேண்டும் என்பதற்கு 2011லேயே தெளிவான இணைய விதிமுறை வந்துவிட்டது. அதைப் பின்பற்றாத செயலிகளில் தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாகவோ, சதவீதக் குறியும் எண்ணும் கலந்த நீளமான சரமாகவோ மாறிவிடும். இன்னொரு சிக்கல் நீளம். ஆண்ட்ராய்டு போனில் ஒரு ஃபைல் பெயருக்குப் பொதுவாக 255 பைட் வரைதான் இடம். ‘திண்டுக்கல்’ என்று தமிழில் எழுதினால் 33 பைட், ஆங்கிலத்தில் எழுதினால் வெறும் 8. அதனால் அரசு தளங்களில் அப்லோடு செய்யும் ஃபைலுக்கு ஆங்கிலத்தில், சின்னதாக, இடைவெளி விடாமல் பெயர் வைப்பதே நல்லது. தமிழுக்கு நியாயமில்லைதான், ஆனால் இப்போதைக்கு அதுதான் வேலைக்கு ஆகும்.

வாட்ஸ்அப்பில் வரும் ஆவணம் சில நேரம் ‘டாக்’, தேதி, ‘டபிள்யூஏ’, ஒரு எண் என்ற பெயரில் சேவ் ஆகும். அந்தத் தேதி ஆவணத்தின் தேதி கிடையாது, உங்கள் போனுக்கு வந்த தேதி. அதேபோல ஒரே பெயரில் திரும்பத் திரும்ப டவுன்லோடு செய்தால் குரோம் பெயருக்குப் பின்னால் (1), (2) என்று சேர்த்துக்கொண்டே போகும். எண் இல்லாத ஃபைல்தான் பழசு. பாகப்பிரிவினைக்கு முந்தைய பட்டாவை வங்கியில் கொடுத்துவிட்டு அலைவதைவிட, டவுன்லோடு ஆனதும் சர்வே எண்ணையும் தேதியையும் பெயராக வைத்துவிடலாம்.

இதைத் தொடவே தொடாதீங்க

பெயரின் கடைசியில் ‘ஏபிகே’ என்று இருந்தால் அது ஆவணமே இல்லை, போனில் இன்ஸ்டால் ஆகும் செயலி. பிஎம் கிசான், டிராஃபிக் சலான் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பி வங்கிக் கணக்கைக் காலி செய்யும் மோசடி நாடு முழுக்க நடக்கிறது. தெரியாமல் இன்ஸ்டால் செய்துவிட்டால் உடனே நெட்டை ஆஃப் செய்துவிட்டு, வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் போன் செய்யுங்கள்.