காருக்குப் பின்னால் ஓடும் படுக்கை அறை!

காருக்குப் பின்னால் ஒரு பெட்டி ஓடி வருகிறது. அதற்கு இரண்டே சக்கரங்கள். முன்பக்கம் உருண்டை. பின்பக்கம் சரிவு. பார்ப்பதற்குப் பெரிய கண்ணீர்த் துளி போல் இருக்கிறது.

அது என்ன?

அதுதான் அமெரிக்காவின் "கண்ணீர்த்துளி வண்டி". குறைந்த செலவில் வீட்டிலேயே செய்து கொள்ளும் ஓடும் வீடு!

பிறந்த கதை

1929-ம் ஆண்டு அமெரிக்காவில் பெரும் பணமுடை ஏற்பட்டது. லட்சக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். ஊர் சுற்றிப் பார்க்க ஆசை உண்டு. ஓட்டலில் தங்கக் காசு இல்லை. அப்படிப்பட்டவர்கள் 1930-க்குப் பிறகு தாங்களே இந்த வண்டியைச் செய்யத் தொடங்கினார்கள். கைத்தொழில் பத்திரிகைகள் படம் போட்டு வழி காட்டின.

1945-ல் இரண்டாவது உலகப்போர் முடிந்தது. போருக்காகச் செய்த அலுமினியத் தகடு மிஞ்சியது. அது இந்த வண்டிகளுக்குக் கூரை ஆயிற்று!

இன்றும் பலர் வீட்டுக் கொல்லையில் இதைச் செய்கிறார்கள்.

அளவின் ரகசியம்

பழைய வண்டிகள் பல 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம். ஏன் இந்த அளவு?

கடையில் விற்கும் பிளைவுட் பலகையின் அளவே 8 அடிக்கு 4 அடி! ஒரு பலகை தரைக்கு. இரண்டு பலகை பக்கச் சுவர்களுக்கு. வெட்டி வீணாவது குறைவு.

உள்ளே இரண்டு பேர் படுக்கலாம். நிற்க முடியாது. பின்பக்க மூடியைத் தூக்கினால் அடுப்பங்கரை! வெளியே நின்று கொண்டே சமைக்கலாம்.

எடையைக் குறைப்பது எப்படி?

வண்டி கனத்தால் சின்னக் கார் இழுக்காது. பெட்ரோல் செலவும் கூடும்.

18 மில்லி மீட்டர் கனமுள்ள முழுப் பலகை சுமார் 32 கிலோ. 6 மில்லி மீட்டர் பலகையோ சுமார் 11 கிலோதான். ஆகவே மெல்லிய மரச்சட்டம் கட்டி, அதன் மேல் 6 மில்லி மீட்டர் பலகையை அடிக்கிறார்கள்.

வேறு சிலர் நுரைப் பலகையால் சுவர் வைக்கிறார்கள். அதன் எடை பிளைவுட்டில் சுமார் 20-ல் ஒரு பங்குதான். அதன் மேல் கித்தான் துணியை ஒட்டி, பெயிண்ட் பூசிவிட்டால் மழைக்குத் தாங்கும்.

முன்பாரமா, பின்பாரமா?

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். பின்பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே தூக்கும். மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும்.

இங்கும் அதே கதைதான்! மொத்த எடையில் 100-க்கு 10 முதல் 15 பங்கு, காரின் கொக்கியில் இறங்க வேண்டும். வண்டி 300 கிலோ என்றால், கொக்கியில் 30 முதல் 45 கிலோ.

பின்பாரம் கூடினால் என்ன ஆகும்? வேகமாகப் போகும்போது வண்டி பாம்பு போல் நெளியும். காரையும் இழுத்துக் கொண்டு கவிழ்ந்து விடும். உயிருக்கே ஆபத்து!

அடுப்பும் தண்ணீரும் இருப்பது பின்பக்கம். அதனால் அச்சை நடுவில் வைக்காமல், சற்றுப் பின்னால் தள்ளி வைக்கிறார்கள். புறப்படும் முன்பு, சாமான்களை ஏற்றிய பிறகு, கொக்கி மாட்டும் முனையை எடை மெஷின் மேல் வைத்துப் பார்க்கிறார்கள்.

சிக்கனம் கூடாத இடங்கள்

பலகை பழையதாக இருக்கலாம். மெத்தை வீட்டில் இருப்பதே போதும். ஆனால் அச்சு, டயர், கொக்கி, கொக்கி கழன்றால் பிடித்துக் கொள்ளும் சங்கிலி, பின்விளக்கு இவை நல்லவையாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. படுக்கும் இடத்தில் அடுப்பு எரிக்கவே கூடாது! எரியும் அடுப்பில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். காற்று வந்து போக எதிரெதிரே இரண்டு திறப்பாவது வேண்டும்.

பலகையில் பணத்தை மிச்சப்படுத்தலாம். அச்சிலும் காற்றிலும் மிச்சம் பார்க்கக் கூடாது. அப்படிச் செய்த வண்டிதான் குடும்பத்தைப் பத்திரமாக வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு வரும்.