கொள்வாரை அறிதல்

‘பூக்கடைக்கு விளம்பரம் வேண்டுமா?’ என்று நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. மல்லிகையும் முல்லையும் தம் மணத்தாலேயே வழிச்செல்வோரைக் கடைக்கு அழைத்துவிடும். ஆதலின், பூ விற்பவள் கூவி அழைக்க வேண்டுவதில்லை. ஆனால், உலகில் விற்கப்படும் பொருள்கள் அனைத்தும் பூக்கள் அல்ல. ஒரு காலணி எத்துணை உறுதியாகத் தைக்கப்பட்டிருப்பினும், அவ்வுறுதி தெருவில் செல்வார் மூக்கிற்கு எட்டுவதில்லை. பதனிடும் தோலின் மணமோ, வருவாரை அழைப்பதினும் விலக்குவதே மிகுதி! இத்தகைய பொருள்களைச் செய்வோர், அவற்றின் தன்மையைப் பிறர்க்கு எடுத்துரைத்தல் இன்றியமையாதது. கொள்வார் யாவர், அவர் வேண்டுவது யாது என்று அறிந்து, நம் பொருளை அவரிடம் சேர்ப்பிக்கும் முறையையே சந்தைப்படுத்துதல் என்கிறோம். அம்முறை இந்நாளில் இணையத்தின் வழியே எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும், பாலாற்றங்கரைச் சிறுதொழிலாளர்க்கு அஃது எவ்வாறு பயன்படும் என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. முன்பு இவையெல்லாம் ஒரே வேலூர் மாவட்டத்தில் இருந்தன. 2019ஆம் ஆண்டில் அம்மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. மாவட்டங்கள் பிரிந்தாலும் தொழில் பிரியவில்லை. பாலாற்று ஊற்றுநீரும், வறண்ட நிலத்தில் தானே முளைக்கும் ஆவாரஞ்செடியும், கடுக்காயும் இங்குத் தொழில் வேரூன்றத் துணை செய்தன. பச்சைத்தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் பல வாரங்கள் இட்டுப் பதப்படுத்துவர். இவ்வாறு உருவான தோல் ‘கிழக்கிந்தியத் தோல்’ என்று உலகச் சந்தையில் பெயர் பெற்றது. இக்காலத்தில் அப்பெயர் புவிசார் குறியீட்டுப் பதிவும் பெற்றுள்ளது.

ஆயினும், அந்நாளில் இத்தோலைப் பதனிட்டவர், அதனைக் கொள்பவரின் முகத்தைக் கண்டதில்லை. சரக்கு சென்னைப் பெரியமேட்டுச் சந்தைக்குச் செல்லும். அங்கிருந்து கப்பலேறி இலண்டன் மாநகர் சேரும். அங்கே ஏலத்தில் விலைபோகும். இடையில் நின்ற தரகர்களே விலையை அறிந்தவர்கள். அறிந்தவர்க்கே ஊதியமும் மிகுதியாய் வந்தது. இந்நிலையை மாற்ற எண்ணிய அரசு, 1972ஆம் ஆண்டில் சீதாராமையா குழுவை அமைத்தது. அரைகுறையாகப் பதனிட்ட தோலை அப்படியே அனுப்புவதைக் குறைத்து, முற்றிலும் பதனிட்ட தோலையும் தோற்பொருள்களையும் அனுப்ப வேண்டும் என்ற கொள்கை அதன்பின் வலுப்பெற்றது. சென்னை அடையாற்றில் 1948ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் இம்முயற்சிக்கு அறிவுத் துணையாய் நின்றது. தோல் அனுப்பிய ஊர்கள் காலணி அனுப்பும் ஊர்களாயின.

எனினும், ஒரு குறை எஞ்சியே நின்றது. ‘அப்பர்’ என்று தொழிலாளர் கூறும் காலணியின் மேற்பாகத்தை, ஆம்பூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் பெண்கள் பலர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்தே கையால் தைக்கின்றனர். தைத்த கை இவ்வூரார் கை. காலணியில் பொறித்த பெயரோ, பெரும்பாலும் கடல் கடந்த நாட்டு வணிக நிறுவனத்தின் பெயர். அந்நிறுவனம் வேண்டாம் என்றால் இங்கு உலை கொதிப்பது அரிது. 2020ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் மேலைநாட்டுக் கடைகள் மூடப்பட்டபோது இவ்வுண்மை விளங்கிற்று. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது விதித்த கூடுதல் வரி 50 விழுக்காட்டை எட்டியபோது மீண்டும் விளங்கிற்று. ஒரே வாயிலை நம்பிய வீட்டில், அவ்வாயில் அடைபட்டால் காற்றும் நுழைவதில்லை. ஆதலின், சிறிதாயினும் மற்றொரு வாயில் வேண்டும். அத்தகைய வாயில்களுள் ஒன்றே இணையம்.

பொருளை அறிவிக்கும் கலை நமக்குப் புதியதன்று. புகார் நகரத்தில் பறந்த பலவகைக் கொடிகளைப் பட்டினப்பாலை கூறுகிறது. மதுரையின் பகற்கடைகளான நாளங்காடியையும் இரவுக்கடைகளான அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கிறது. கொடி அன்று செய்த வேலையை இன்று கைப்பேசி செய்கிறது. ஆனால், கொடியைக் காண அவ்வீதிக்கு வரவேண்டும்; கைப்பேசியில் காட்டியதைக் காண வீதிக்கு வரவேண்டுவதில்லை. வேறுபாடு இதுவே.

முதலில், கடையின் இடத்தை அறிவித்தலை எடுத்துக்கொள்வோம். சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் நெடுஞ்சாலை ஆம்பூர் வழியே செல்கிறது. பிரியாணி உண்பதற்காக வண்டியை நிறுத்துவோர் பலர். அவர்களுள் ஒருவர், ‘அருகில் தோல் காலணி எங்குக் கிடைக்கும்?’ என்று தம் கைப்பேசியில் தேடுகிறார். கூகுள் நிலவரைபடத்தில் தம் கடையின் பெயர், இடம், திறந்திருக்கும் நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றைப் பதிந்துவைத்த வணிகரின் கடையே அவர் கண்ணில் படும். இப்பதிவிற்குக் கட்டணமில்லை. ஆயினும், பதிந்த நேரத்தில் கடை பூட்டியிருந்தால், வந்தவர் மனக்கசப்போடு திரும்புவார்; அக்கசப்பை அவ்விடத்திலேயே எழுதியும் வைப்பார். அடுத்து வருபவர் அதனைப் படிப்பார். எனவே, பதிதல் எளிது. பதிந்தவாறு நடத்தலே அரிது.

இனி, பொருளைக் காட்டுதல். கடைக்கு வருபவர் காலணியைக் கையில் எடுப்பார், வளைத்துப் பார்ப்பார், காலில் இட்டு நடப்பார். இணையத்தில் காண்பவர்க்கு இவற்றுள் ஒன்றும் இயலாது. ஆதலின், படமும் சொல்லும் அவருடைய கையாகவும் காலாகவும் இருந்து உதவ வேண்டும். பகல் வெளிச்சத்தில், வெறுஞ்சுவரின் முன் வைத்து, முன்புறம், பக்கம், அடிப்பாகம், தையல் ஆகியவற்றைத் தனித்தனியே படம் பிடித்தல் நன்று. ‘உலகத் தரம் வாய்ந்த உயர்ந்த காலணி’ என்று எழுதுவதனால் ஒரு பயனுமில்லை. அங்ஙனம் ஒருவரும் தேடுவதில்லை. ‘ஆடவர் அணியும் பழுப்பு நிற எருமைத்தோல் செருப்பு’ என்று எழுதினால், தேடுவோர் சொல்லும் விற்போர் சொல்லும் ஒன்றுபடும். தேடுபொறி அவ்விரண்டையும் எளிதில் இணைத்துவிடும்.

அளவைப் பற்றித் தனியே கூறவேண்டும். ஆங்கில முறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு, ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஐரோப்பிய முறையிலோ, ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. முன்னதில் 9 எனப்படும் காலணி பின்னதில் ஏறத்தாழ 43 ஆகும். எண்ணை மட்டும் எழுதினால் குழப்பம் நேரும். பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரில் குறித்தலே தெளிவு. இச்சிறு செய்தி வணிகத்தின் உயிர்நிலையைத் தொடுவதாகும். எங்ஙனம் என்பதை ஒரு கணக்கால் உணரலாம்.

ஓர் இணைச் செருப்பின் விலை 1000 ரூபாய் என்று கொள்வோம். தோலும் பிற பொருள்களும் 400 ரூபாய், கூலி 250, பெட்டி 30, அஞ்சற்செலவு 80, விற்றுத்தரும் இணையத்தளத்தின் கழிவு 150. ஆகச் செலவு 910. ஊதியம் 90 ரூபாய். வரியை இங்குச் சேர்க்கவில்லை. பத்து இணைகள் விற்றால் ஊதியம் 900 ரூபாய். அவற்றுள் ஓர் இணை அளவு பொருந்தாமல் திரும்பிவந்ததாக வைத்துக்கொள்வோம். கழிவு திரும்பக் கிடைத்தாலும், செருப்பு மீண்டும் விற்கத்தக்கதாய் இருந்தாலும், இருமுறை அஞ்சற்செலவு 160 ரூபாயும் பெட்டியின் 30 ரூபாயும் இழப்பாகும். ஒன்பது இணைகளின் ஊதியமாகிய 810 ரூபாயில் 190 ரூபாய் கழிய, எஞ்சுவது 620. மூன்று இணைகள் திரும்பினால், ஏழு இணைகளின் ஊதியம் 630 ரூபாய், இழப்பு 570, கையில் நிற்பது 60 ரூபாயே! அளவைத் தெளிவாக எழுதாத ஒரு வரி, பத்து இணைகளின் உழைப்பை விழுங்கிவிடும் என்பது இதனால் தெளிவாகும்.

அடுத்து, பணம் பெறுதல். 2016ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட யு.பி.ஐ. முறையால், கட்டத்தில் புள்ளிகள் நிறைந்த ஒரு குறியீட்டைக் கைப்பேசியால் படம் பிடித்து, நொடிப்பொழுதில் பணம் அனுப்பலாம். நலம் உள்ள இடத்தில் நயவஞ்சகமும் புகுவதுண்டு. ‘உமக்குப் பணம் அனுப்புகிறேன், இக்குறியீட்டைப் படம் பிடித்து, உம் இரகசிய எண்ணை இடுக’ என்று கூறி ஏமாற்றுவோர் உளர். பணம் கொடுப்பதற்கே இரகசிய எண் வேண்டும். பெறுவதற்கு ஒருபோதும் வேண்டுவதில்லை. இந்த ஒன்றை உங்கள் வீட்டுப் பெரியோர்க்கும் எடுத்துரைத்தல் உங்கள் கடமையாகும்.

இணையத்தால் தரகர் ஒழிந்தார் என்று சிலர் கூறுவர். அஃது அரையுண்மையே. விற்றுத்தரும் பெருந்தளங்களும் ஒருவகைத் தரகரே. கழிவு பெறுவதோடு, எப்பொருளை முதலில் காட்டுவது என்பதையும் அவையே முடிவு செய்கின்றன. இக்குறையைத் தணிக்கும் நோக்குடன் 2021ஆம் ஆண்டின் இறுதியில் மைய அரசின் முயற்சியால் ஓ.என்.டி.சி. என்னும் திறந்தநிலை வணிக வலையமைப்பு நிறுவப்பட்டது. ஒரு செயலியின் வழியே பதிந்த வணிகரின் பொருளை, அவ்வமைப்பில் சேர்ந்த வேறு செயலிகளில் தேடுவோரும் காண இயலும் என்பதே அதன் அடிப்படை. அரசுத் துறைகளுக்குப் பொருள் விற்க 2016 முதல் ‘ஜெம்’ என்னும் மின்சந்தையும் இயங்கி வருகிறது. எத்தளத்தில் விற்பினும், தம்மிடம் கொண்டவர் யார், மீண்டும் வந்தவர் யார், குறை கூறியவர் யார் என்பதை ஒரு குறிப்பேட்டில் வணிகர் தாமே எழுதிவருதல் வேண்டும். தளம் மாறலாம்; கொண்டவரின் நட்பு மாறாதிருத்தல் வேண்டும்.

சந்தையை அறிதல் என்பது விற்பதோடு முடிவதன்று. சந்தை கேட்கும் வினாக்களுக்கு விடை கூறுதலும் அதனுள் அடங்கும். 1989ஆம் ஆண்டில் ஜெர்மனி, பென்டாகுளோரோஃபீனால் என்னும் நச்சுப்பொருளைத் தடை செய்தது. பூஞ்சணம் பிடிக்காதிருக்க அதனைக் கையாண்டுவந்த நம் நாட்டினர் மாற்றுப் பொருள்களை நாட வேண்டியவராயினர். உடலில் படும் தோற்பொருளில் ஆறாம் இணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டலாகாது என்னும் விதியை ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் நடைமுறைப்படுத்தியது. நம் நாட்டிலும், வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் பெருந்தீர்ப்பு வழங்கிற்று. பாலாற்றையும் நிலத்தடி நீரையும் மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்று அது வலியுறுத்திற்று. இப்பொருள் எங்குச் செய்யப்பட்டது, எவ்வாறு செய்யப்பட்டது, ஆற்றைக் கெடுத்ததா என்று கேட்போர் இன்று உளர். அவர்க்கு மறைக்காமல் விடை கூறவல்ல வணிகரே நிலைபெறுவர். செயற்கைத்தோலைத் தோல் என்று எழுதி ஒருமுறை விற்கலாம். மறுமுறை விற்க இயலாது.

பெயரின் மதிப்பை அண்மையில் நடந்த நிகழ்ச்சி ஒன்று நன்கு காட்டுகிறது. 2025ஆம் ஆண்டு ஜூன் திங்களில், இத்தாலி நாட்டு மிலான் நகரில் நடந்த ஆடைக்காட்சியில், பிராடா என்னும் பெருநிறுவனம் கோலாப்பூர்ச் செருப்பைப் போன்ற காலணிகளைக் காட்டியது. அச்செருப்பு 2019ஆம் ஆண்டிலேயே புவிசார் குறியீடு பெற்றது. எனினும், காட்சியில் கோலாப்பூரின் பெயர் கூறப்படவில்லை. இச்செய்தி இணையத்தில் பரவியது. கைவினைஞர்களும் பிறரும் எதிர்க்குரல் எழுப்பினர். அதன்பின், அவ்வடிவம் இந்தியக் கைவினையிலிருந்து தோன்றியதே என்று அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. செய்தவர் பெயரை மறைக்க முடியாதபடி செய்ததும் அவ்விணையமே அன்றோ!

மாணவர்களே! இணையம் ஒரு மந்திரக்கோலன்று. நன்றாகத் தைக்காத செருப்பை அது நன்றாக்காது. ஆயிரக்கணக்கானோர் பணிசெய்யும் ஆலைகளின் இடத்தையும் அது விரைவில் நிரப்பாது. ஆனால், திண்ணையில் அமர்ந்து தைக்கும் கைக்கும், எங்கோ நடக்கும் காலுக்கும் இடையே உள்ள தொலைவை அது குறைக்கும். உங்களுள் பலர் படம் பிடிக்கவும் எழுதவும் கணக்கிடவும் கற்றுள்ளீர்கள். உங்கள் தாய் தந்தையரோ தொழிலைக் கற்றுள்ளனர். இவ்விரு கல்வியும் ஒரு வீட்டில் கூடுமாயின், பாலாற்றங்கரையில் செய்த பொருள், பாலாற்றங்கரைப் பெயரோடேயே உலகத்தில் நடமாடும்.