அழிந்தது ஏடன்று, அட்டவணையே!

தவணைக் கடனை எழுதி வைக்குமாறு திருக்குர்ஆனின் 2:282 வசனம் பணிக்கிறது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலிலுள்ள நம் குடும்பங்களின் நூல் கடனும் தையற்கூலிக் கணக்கும் இன்று மடிக்கணினியில் உள்ளன.

விண்டோஸுடன் லினக்ஸையும் நிறுவுகையில் வட்டின் ஒரு பகுதி மறைந்துவிட்டால் கலங்க வேண்டா. பல வேளைகளில் அழிவது கணக்கன்று. பகுதிகளின் எல்லையைக் குறிக்கும் அட்டவணையே. பழைய எம்.பி.ஆர். முறையில் அது வெறும் 64 பைட்டு, ஜி.பி.டி. முறையில் வட்டின் இறுதியில் அதற்கொரு நகலும் உண்டு.

எனவே அவ்வட்டில் எதையும் எழுதாதீர்கள், 'ஃபார்மட்' செய்யாதீர்கள். யு.எஸ்.பி.யிலிருந்து லினக்ஸை இயக்கி, முதலில் வட்டு முழுவதையும் வேறொரு வட்டில் நகலெடுங்கள். பின்னர் 'டெஸ்ட்டிஸ்க்' என்னும் இலவச மென்பொருளால் தேடுங்கள்; கோப்புகள் தென்பட்ட பின்னரே அட்டவணையைத் திரும்ப எழுதுங்கள்.

பிறர் உரிமை அடங்கிய கணக்கு ஓர் அமானிதம். மறுநகல் வைத்து அதைக் காப்போம், இன்ஷா அல்லாஹ்!