கவுன்சிலர் சரிபாதி, எம்.எல்.ஏ. 12 பேர்: பெண்களுக்குக் கதவு எங்கே அடைபடுகிறது?

மயிலாப்பூரில் ஓட்டு உள்ள ஒருவர் 2021 முதல் 2024 வரை மூன்று முறை விரலில் மை வைத்துக்கொண்டிருப்பார். 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக, அதிமுக இரண்டுமே இங்கே ஆண்களைத்தான் நிறுத்தின. திமுகவின் த.வேலு ஜெயித்தார். 2022 மாநகராட்சித் தேர்தலில் சென்னையின் 200 வார்டுகளில் பாதி பெண்களுக்கு. 28 வயது ஆர்.பிரியா மேயரானார். 2024 மக்களவைத் தேர்தலில், மயிலாப்பூரை உள்ளடக்கிய தென்சென்னையில் முதல் இரண்டு இடங்களும் பெண்களுக்கே. தமிழச்சி தங்கபாண்டியன் வென்றார், தமிழிசை சௌந்தரராஜன் இரண்டாமிடம் பிடித்தார்.

ஒரே ஊர், அதே வாக்காளர்கள். ஆனால் ஒரு தேர்தலில் பெண்கள் சரிபாதி, இன்னொன்றில் பிரதான கட்சிகளின் பட்டியலிலேயே இல்லை. அப்படியென்றால் சிக்கல் ஓட்டுப் போடுபவர்களிடம் இல்லை. இடம் கொடுப்பது யார் என்பதில்தான் இருக்கிறது.

மாநகராட்சியில் மட்டும் எப்படிச் சாத்தியமானது?

சட்டம் சொன்னதால். 1993-ல் நடைமுறைக்கு வந்த 73, 74-வது அரசியல் சாசனத் திருத்தங்கள் உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கின. ஜெயலலிதா ஆட்சியில் 2016 பிப்ரவரியில் தமிழகம் அதை 50 சதவீதமாக உயர்த்தியது.

மேயர் பதவியின் கதையும் இதேதான். 1957-ல் தாரா செரியன், 1971-ல் காமாட்சி ஜெயராமன். அதன்பின் அடுத்த பெண் மேயர் வர 2022 ஆகிவிட்டது. நடுவே 1973 முதல் 1996 வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. மன்றம் திரும்ப வந்த பிறகும் மேயரானவர்கள் எல்லாம் ஆண்கள். பட்டியலினப் பெண்ணுக்கு என்று பதவி ஒதுக்கப்பட்ட பிறகுதான் பிரியா அந்த நாற்காலிக்கு வந்தார். சென்னையின் முதல் தலித் பெண் மேயர் அவர்.

சட்டமன்றத்தில் என்ன நடக்கிறது?

2021 வாக்காளர் பட்டியலில் பெண்கள் 3.19 கோடி, ஆண்கள் 3.09 கோடி. பெண்களே அதிகம். ஆனால் 234 உறுப்பினர்களில் பெண்கள் 12 பேர், அதாவது சுமார் 5 சதவீதம். 2016-ல் 21 பேர் இருந்தார்கள். முன்னேறவில்லை, பின்னால் போயிருக்கிறோம்.

காரணத்தை வேட்பாளர் பட்டியலிலேயே பார்க்கலாம். 2021-ல் திமுக அறிவித்த 173 பேரில் பெண்கள் 12 பேர் மட்டுமே. அதிமுகவிலும் பெரிய வித்தியாசம் இல்லை. நாம் தமிழர் கட்சி சரிபாதியாக 117 பெண்களை நிறுத்தியது. ஆனால் அந்தக் கட்சியிலிருந்து ஆணோ பெண்ணோ ஒருவரும் ஜெயிக்கவில்லை. ஆக, டிக்கெட் கிடைத்தால் மட்டும் போதாது. ஜெயிக்கும் நிலையில் உள்ள கட்சியின் டிக்கெட்டாக அது இருக்க வேண்டும்.

“ஜெயிக்கிற கேண்டிடேட் வேணும்ப்பா” என்பது சரியான வாதமா?

கட்சி ஆபீஸ்களில் வழக்கமாகக் கேட்கும் பதில் இது. தென்சென்னை பொதுத் தொகுதி, பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதல்ல. அங்கே 2019, 2024 என இரண்டு முறையும் தமிழச்சி வென்றிருக்கிறார். மயிலாப்பூரும் 2011-ல் அதிமுகவின் ஆர்.ராஜலட்சுமியை எம்.எல்.ஏ. ஆக்கிய தொகுதிதான்.

மும்பை மாநகராட்சித் தேர்தல்களை ஆராய்ந்த அரசியல் ஆய்வாளர் ரிகில் பவ்னானி 2009-ல் வெளியிட்ட முடிவு இன்னும் தெளிவானது. முந்தைய தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டு, பிறகு பொது வார்டாக மாறிய இடங்களில் பெண் ஜெயிக்கும் வாய்ப்பு மற்ற வார்டுகளைவிட சுமார் 5 மடங்கு அதிகமாக இருந்தது. ஒருமுறை கதவைத் திறந்துவிட்டால், அடுத்த முறை தள்ளிக்கொண்டு உள்ளே வர ஆட்கள் தயாராகிவிடுகிறார்கள்.

“ஜெயலலிதாவே முதல்வராக இருந்தாரே?” என்று கேட்கலாம். இருந்தார், ஆறு முறை பதவியேற்றார். ஆனால் உச்சியில் ஒரு பெண் இருப்பது வேறு, அவையில் பாதிப் பேர் பெண்களாக இருப்பது வேறு. அவர் வென்ற 2016 தேர்தலிலும் பெண் எம்.எல்.ஏ.க்கள் பத்து சதவீதத்தைத் தாண்டவில்லை.

பதவி மனைவிக்கு, அதிகாரம் கணவருக்கா?

ஒதுக்கீட்டின் மீதான நியாயமான விமர்சனம் இது. ‘கவுன்சிலரோட வீட்டுக்காரர்’ என்ற பதவி எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆனால் பல ஊர்களில் அவர்தான் கையெழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். 2022-ல் நாமக்கல்லில் நடந்த திமுக உள்ளாட்சிப் பிரதிநிதிகள் மாநாட்டில், பொறுப்பைக் கணவரிடம் ஒப்படைத்துவிடக் கூடாது என்று முதல்வர் மு.க.ஸ்டாலினே சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் இது ஒதுக்கீட்டை எடுத்துவிடுவதற்கான காரணம் ஆகாது. மேற்கு வங்கம், ராஜஸ்தான் பஞ்சாயத்துகளை ஆராய்ந்த ராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டுஃப்ளோ இருவரும் 2004-ல் சொன்னது இதுதான்: பெண் தலைவர்கள் இருந்த ஊர்களில், குடிநீர் போன்று அந்தந்த ஊர்ப் பெண்கள் கேட்ட வேலைகளுக்குக் கூடுதல் கவனம் கிடைத்தது. நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து முன்னுரிமையும் மாறுகிறது.

கம்பெனி போர்டில் நிலைமை என்ன?

இங்கும் அதே கதைதான். பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் குறைந்தது ஒரு பெண் இயக்குநர் கட்டாயம் என்றது 2013 கம்பெனிகள் சட்டம். குடும்பத்துப் பெண்களை வைத்தே அந்த இடத்தை நிரப்ப முடிந்தது. அதனால் சுதந்திரமான பெண் இயக்குநர் வேண்டும் என்ற விதியை செபி சேர்த்தது. 2020 ஏப்ரல் முதல் முதல் 1,000 நிறுவனங்களுக்கு அது பொருந்துகிறது. நார்வேயோ பொதுப் பங்கு நிறுவனங்களின் போர்டில் இரு பாலருக்கும் சுமார் 40 சதவீதம் என்று 2003-லேயே சட்டம் போட்டுவிட்டது. நம் சட்டம் கேட்பது ‘ஒருவர்’.

சென்னை முருகப்பா குழும விவகாரம் நினைவிருக்கலாம். அப்பா எம்.வி.முருகப்பன் 2017-ல் மறைந்த பிறகு, குழுமத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸ் போர்டில் இடம் கேட்டார் வள்ளி அருணாச்சலம். குடும்பத்தில் அவர்கள் கிளையின் கையில் 8 சதவீதத்துக்கும் மேல் பங்கு இருந்தது. 2020 பொதுக்குழுவில் பதிவான வாக்குகளில் 91 சதவீதத்துக்கும் மேல் அவருக்கு எதிராக விழுந்தன. பெண் என்பதால்தான் இடம் மறுக்கப்படுகிறது என்றார் வள்ளி. 2023-ல் குடும்பத்துக்குள் சமரசம் ஏற்பட்டு விவகாரம் முடிந்தது.

பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று 1989-லேயே சட்டம் போட்ட மாநிலம் தமிழகம். பங்கு கைக்கு வந்துவிடுகிறது, நாற்காலி வருவதில்லை.

33 சதவீதம் எப்போது வரும்?

மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு இடங்களை ஒதுக்கும் 106-வது திருத்தம் 2023 செப்டம்பரில் நிறைவேறியது. தமிழக சட்டமன்றத்தின் இன்றைய 234 இடங்களில் கணக்குப் போட்டால் 78. ஆனால் அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதன்பின் தொகுதி மறுவரையறை, பிறகுதான் ஒதுக்கீடு என்று அந்தச் சட்டமே நிபந்தனை வைத்திருக்கிறது.

இந்தக் கோரிக்கை தென்சென்னைக்குப் புதிதல்ல. பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட இந்திய மாதர் சங்கம் 1917-ல் தொடங்கியது அடையாறில்தான். 1921-ல் மதராஸ் மாகாணம் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. 1927-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மேலவைத் துணைத் தலைவரானார். ஓட்டில் தொடங்கி உள்ளாட்சியில் சரிபாதி இடத்துக்கு வந்துசேர 95 வருஷம் பிடித்திருக்கிறது.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்சிக்கும் கட்டாயம் இல்லை. அடுத்த வேட்பாளர் பட்டியல் உங்கள் போனில் வந்ததும் இரண்டு விஷயம் பாருங்கள்: அதில் எத்தனை பெண்கள், அவர்களில் எத்தனை பேருக்குக் கட்சி வழக்கமாக ஜெயிக்கும் தொகுதி. நீங்கள் வேலை பார்க்கும் கம்பெனியின் ஆண்டறிக்கையிலும் இதே கேள்வியைக் கேட்கலாம்: போர்டில் எத்தனை பெண்கள், அவர்களில் முடிவெடுக்கும் பொறுப்பில் எத்தனை பேர்?